பக்கத்துக் குரல்

வேதியியல் துறையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு கழுவும் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவர் நெடுக நான்கு தொட்டிகள், ஆணியில் தொங்கும் தூரிகைகள், குடுவைகளைக் கவிழ்த்து வைக்க முளை அடித்த பலகை. மேலே மூன்று மாடிகளிலும் மாணவர்கள் அழுக்காக்குகிற கண்ணாடியெல்லாம் பகல் பதினொரு மணிக்குமேல் தள்ளுவண்டியில் இங்கே வந்து சேரும். அவற்றைக் கழுவுகிறவளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே பெயர்தான், குடுவைக்கா. பணியாளர் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று ஆய்வக உதவியாளர்கள் கேலி பேசுவார்கள்.

கழுவும்போது பாடுவாள். ஆனால் அந்தப் பாட்டுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒரே சுரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், ஒரு படி இறங்கும், பழைய இடத்துக்கே திரும்பும்.

"என்னக்கா பாட்டு இது? ஆரம்பிச்ச மாதிரியும் இல்ல, முடிஞ்ச மாதிரியும் இல்ல," என்பார் வண்டி தள்ளி வருகிறவர்.

"இது பாதிப் பாட்டுப்பா. மீதிப் பாதி சேப்பல்ல இருக்கு."

அவள் சொன்னது விளையாட்டு இல்லை. நூலகத்துக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் நடுவே இருக்கிற சேப்பலில் இருநூறு பேர் உட்காரலாம். ஞாயிறு காலை ஆராதனை, புதன் மதியம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. குழுவில் பேராசிரியரும் உண்டு, விடுதிச் சமையல்காரரும் உண்டு. கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டால் யார் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்று தெரியாது. முதல் வரிசைப் பெண்கள் மெட்டைப் பாடுவார்கள். பின்வரிசையில் ஆண்கள். நடுவில் ஆல்ட்டோ. மெட்டுக்கு அடியில், அதைத் தாங்கிக்கொண்டு ஓடுகிற குரல் அது. தனியாகக் கேட்டால் யாருக்கும் பிடிபடாது. அது இல்லாமல் மெட்டைக் கேட்டாலோ, வீட்டில் யாரோ ஒருவர் வெளியே போயிருப்பதுபோல இருக்கும்.

குடுவைக்கா பத்தொன்பது வருடமாக ஆல்ட்டோ.

சேப்பலுக்கு அவள் முதலில் வந்தது பாடுவதற்காக இல்லை, வெளிச்சத்துக்காக. ஜன்னலில்லாத அறையில் பாதி நாளைக் கழித்தவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள். ஒரு புதன்கிழமை பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது தன்னை அறியாமல் கூடவே முனகியிருக்கிறாள். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அட்டை எழுதுகிறவர். எல்லோருக்கும் அவர் கேட்லாக் அம்மா.

"அங்க உக்காந்து முணுமுணுக்கிறதுக்கு, இங்க வந்து வாயத் திறந்து பாடக்கூடாதாம்மா?"

போனாள். கையில் ஒரு கறுப்பு ஃபைலைக் கொடுத்து அம்மாவுக்கு இடப்பக்கம் நிறுத்தினார்கள். ஃபைலைத் திறந்தால் ஐந்து ஐந்து கோடுகள், கோடுகள்மேல் கறுப்புப் புள்ளிகள், அடியில் பாட்டு வரிகள். வரிகளை வாசித்துவிடுவாள், எட்டாம் வகுப்பு படித்தவள்தானே. புள்ளிகள்தான் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் அல்லவா, இங்கே இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் எல்லோரையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் எப்படிச் சொல்வது? இரண்டாம் நாளும் சொல்லாததை இரண்டாம் வருடம் எந்த முகத்தோடு சொல்வது?

அதனால் காதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பாடுவார். அரைக் கண் சிமிட்டும் நேரம் பின்னால் இவள் பாடுவாள். மூன்றாவது பயிற்சிக்குள் அந்த அரைச் சிமிட்டும் தேவைப்படாது. கேட்டதை விடாத காது. அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்குவாள், அம்மா பக்கம் புரட்டினால் இவளும் புரட்டுவாள். கழுவுகிற தொட்டியில் ஒரு வாரம் அந்தக் குரலை ஊறப்போட்டு அடுத்த புதன்கிழமை பளிச்சென்று எடுத்துக்கொண்டு வருவாள். பழைய மாஸ்டர் ஆர்கனை வாசித்துக்கொண்டே பாட்டையும் நடத்துகிறவர். ஆல்ட்டோக்களுக்கு அவருடைய முதுகுதான் தெரியும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பத்தொன்பது வருடத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் அதிகம் இருக்காது. அங்கி மாட்டும் அறையில் ஒருவருக்கொருவர் முதுகுக் கொக்கியைப் போட்டுவிடுவார்கள். "கை என்னடி இப்படி சொரசொரன்னு இருக்கு, முதுகுத் தோல் உரிஞ்சிடும்போல," என்பார் அம்மா. "அமிலம் பட்ட கைம்மா, உங்களுது தூசி பட்ட கை," என்பாள் இவள். அம்மா தனிக்கட்டை. இவளுக்கு வீட்டுக்காரர் இருந்தார், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு மகள் பிறந்து வளர்ந்து அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அம்மா நூலகத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் பெண்ணுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் ஒருவர் மூச்சு ஒருவருக்கு இவ்வளவு தெரிந்த உறவு குடுவைக்காவுக்கு வேறு எதுவும் இல்லை.

அம்மாவுக்கு நோய் வந்தது போன வருடக் கடைசியில். சேப்பலின் பாஸ்டர், பாடகர் குழுவிலிருந்து எட்டுப் பேரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பொது வார்டு. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, மெல்லிய குரலில் நினைவுப் பாட்டைப் பாடச் சொன்னார் அம்மா. அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு சேப்பலில் பாடுகிற பாட்டு அது. "அதுக்கு இன்னும் நாள் இருக்கு, வேற பாடலாமே," என்றார் பாஸ்டர். "அன்னிக்கு நான் பாட முடியாதில்ல, அதான் இன்னிக்குக் கேட்டுக்கறேன்," என்றார் அம்மா. பாடினார்கள். மூன்றாம் அடியில் 'இளைப்பாறு' என்ற சொல் வரும்போது கட்டிலில் இருந்த கை குடுவைக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அந்த எடத்துல..." என்றார் அம்மா.

"சொல்லுங்கம்மா."

அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. நல்லா இருந்துச்சு."

விடுமுறையில் இறந்துபோனார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போய்விட்டால் அவருடைய ஃபைல் இடப்பக்கம் நின்றவருக்கு. சேப்பல் சாவி வைத்திருக்கிறவர் அதைக் கழுவும் அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். குடுவைக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? அதே புள்ளிகள்தானே எறும்பாக ஊரும் என்று ஈரம் படாத மேல் தட்டில் வைத்தாள்.

பருவம் தொடங்கியபோது புது மாஸ்டர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான பெண். ஆர்கனுக்கு வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு, பாடுகிறவர்களைப் பார்த்து நின்றார். அதுவே பலருக்கு நடுக்கம். இரண்டாவது பயிற்சி முடிவில் சொன்னார்.

"இந்த சேப்பல்ல நல்ல குரல் நெறைய இருக்கு. ஆனா பாதிப் பேர் தாளப் பாக்கறதில்ல, பக்கத்துல இருக்கறவங்களப் பாக்கறீங்க. ஒருத்தர் தப்புப் பண்ணா வரிசையே தப்பாகுது. அடுத்த புதன்கிழமை ஒவ்வொருத்தரையா கூப்பிடுவேன். நினைவுப் பாட்டுல ஒரு எடத்தக் காட்டுவேன், அங்கேர்ந்து பாடணும். முடியாதவங்க ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்காந்து சபையோட பாடலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவு ஆராதனை. வாசிக்கப்போகிற பெயர்களில் கேட்லாக் அம்மாவின் பெயரும் உண்டு.

குடுவைக்காவுக்குக் கவலை வந்தது. தனக்காகக்கூட இல்லை. அம்மா பெயரைச் சொல்லி மணி அடிக்கும்போது, அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் யாருமே இல்லாமல் போவதா? பெஞ்சில் உட்கார்ந்து மெட்டைப் பாடலாம்தான். ஆனால் அம்மா பாடியது மெட்டு இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் நினைவுப் பாட்டின் தாளை மகளிடம் நீட்டினாள்.

"உன் ஃபோன்ல தாளப் படம் புடிச்சா அதுவே பாடும்னு சொன்னியே, அதப் போடு."

"உனக்குத் தெரியாத பாட்டாம்மா இது? தொட்டியில துணி மாதிரி அலசிக்கிட்டே இருப்பியே."

"தெரியும். சரியாத் தெரியுமான்னு பாக்கணும்."

"தாளப் பாத்தாத் தெரிஞ்சிடப்போகுது."

குடுவைக்கா முந்தானையால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மகள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"எழுத்து தெரியும். புள்ளி தெரியாது."

"நான் கிளாஸ் பூரா எங்கம்மாவுக்கு மியூசிக் படிக்கத் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நல்லா சொல்லி வச்ச."

"மொதல் வருஷம் ஒண்ணும் புரியாம பக்கத்துல இருக்கறவ எழுதறதப் பாத்து எழுதினேன்னு உன்கிட்ட அழுதேன். நீ என்ன சொன்ன? தெரியலன்னா கையத் தூக்கு, வெக்கப்பட்டா படிப்பு வராதுன்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ எப்பவாச்சும் தூக்கினியா?"

"உனக்குச் சொல்லித் தர ஒரு அம்மா இருக்கா," என்றாள் குடுவைக்கா. "எனக்கு யாரு சொன்னா?"

மகள் தாளை வாங்கிக்கொண்டாள். ஃபோனில் தாளைப் படம் பிடித்து, ஆல்ட்டோ குரலை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டாள். உயிரில்லாத சத்தம், ஆனால் வரிசை அவள் பாடுகிற வரிசைதான். முதல் அடி சரி. இரண்டாம் அடி சரி. குடுவைக்காவின் தோள் இறங்கியது. மூன்றாம் அடியில் 'இளைப்பாறு' வந்ததும் நிமிர்ந்தாள்.

"நிறுத்து. உன் ஃபோன் தப்பாப் பாடுது."

"எங்க?"

"இங்க. மேல போகணும். இது தொபுக்குனு கீழ விழுது."

மறுபடி போட்டார்கள். மறுபடியும் ஃபோன் கீழே இறங்கியது.

"அம்மா, அதுக்குத் தப்பாப் பாடத் தெரியாது. தாள்ல இருக்கறதத்தான் பாடும்."

"கேட்லாக்கம்மா எத்தன வருஷமாப் பாடினாங்க தெரியுமா? எண்ணுல ஒரு புள்ளி தப்பாப் போட்டா அந்தப் புத்தகத்த யாரும் கண்டுபுடிக்க முடியாதுன்னு அட்டைய மூணு தடவ சரிபாக்கறவங்க. அவங்க தப்பு, உன் ஃபோன் சரியா? உன் ஃபோனுக்குக் காது மந்தம்."

புதன்கிழமை வந்தது. அங்கி மாட்டும் அறையிலேயே தேர்வு. ஒரு சின்ன பியானோ, இரண்டு நாற்காலி, கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும் கறுப்பு அங்கிகள். குடுவைக்கா அன்று தன் ஃபைலை விட்டுவிட்டு அம்மாவின் ஃபைலைக் கையில் கொண்டுபோனாள். அது கையில் இருந்தால் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இன்னும் அதைத் திறந்திருக்கவில்லை. தன் தாளைத்தான் ஃபைல்மேல் வைத்துப் பிடித்திருந்தாள்.

மாஸ்டர் மூன்றாம் அடியின் தொடக்கத்தில் விரல் வைத்தார். கீழே இருக்கிற சொல்லை வாசித்து, இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சுரம் கொடுத்தார். பாடினாள். குரல் நடுங்கவில்லை.

"அழகா இருக்கு. மறுபடி அதே அடி."

மறுபடி பாடினாள்.

"'இளைப்பாறு'ல என்ன பாடறீங்க?"

"தாள்ல இருக்கறதுதான்."

"தாள்ல என்ன இருக்குன்னு கேக்கறேன்."

குடுவைக்கா தாளைப் பார்த்தாள். ஐந்து கோடு. புள்ளி. கோட்டுக்கு மேலா கீழா என்றுகூட எதை வைத்துச் சொல்வது என்று தெரியவில்லை. ஃபோன் சொன்னதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. கீழ, என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அம்மா பாடியது தப்பு என்று ஆகிவிடும். வாய் வரவில்லை.

மாஸ்டர் கோபப்படவில்லை. கையை நீட்டி, "அந்த ஃபைல்ல பழைய தாள் இருக்கா? அதுல வேற மாதிரி அச்சாகியிருக்கலாம்," என்றார். வாங்கித் திறந்து புரட்டினார். நினைவுப் பாட்டு வந்ததும் நின்றார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

"புள்ளிய விடுங்க. இந்த எழுத்த நீங்க படிக்கலாம்."

புத்தக அட்டைகளில் பார்த்த அதே குண்டு எழுத்து, பென்சிலில். மூன்றாம் அடியில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது.

'எனக்கு எட்டவில்லை. மேலே போகிறேன்.'

அதற்குக் கீழே, வேறொரு நாள் எழுதியதுபோல, கொஞ்சம் சாய்ந்து:

'பக்கத்தில் நிற்கிறவளும் என்னைக் கேட்டு மேலே வருகிறாள். அவளுக்குக் கீழே எட்டும். சொல்ல வேண்டும்.'

அதற்கும் கீழே, 'சொல்லவில்லை' என்று ஒரு சொல். அதன் அருகில் சின்னச் சின்னக் கோடுகள். நான்கு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு என்று கட்டுக் கட்டாக, நூலகத்தில் எண்ணுகிற மாதிரி. குடுவைக்கா எண்ணினாள். மூன்று கட்டும் ஒன்றும். பதினாறு. கடைசிக் கோடு நேராக இல்லை.

வருடத்துக்கு ஒரு நினைவு ஆராதனை. வருடத்துக்கு ஒரு கோடு.

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் மாஸ்டரிடம். இவ்வளவு வருடம் பூட்டி வைத்திருந்ததைச் சொன்னபோது அது ஐந்து நொடிகூட ஆகவில்லை.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இங்க படிக்கத் தெரிஞ்சு சரியாப் பாடாத ஏழு பேரக் கேட்டேன் இன்னிக்கு," என்றார். "ஆனா சொன்னத மாத்த மாட்டேன். உங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். நான் கேட்டது, காட்டற எடத்துலேர்ந்து பாடணும்னு. பாடிட்டீங்க, ஒரு சுரத்தத் தவிர. ஞாயித்துக்கிழமை நில்லுங்க. தாள்ல இருக்கறதப் பாடுங்க. பருவம் முடியறதுக்குள்ள படிக்கக் கத்துக்கணும். இல்லன்னா அடுத்த பருவம் பெஞ்சுதான்."

பியானோவில் கீழே இருந்த அந்தச் சுரத்தை ஒரு முறை தொட்டுக் காட்டினார். குடுவைக்கா அதைப் பாடிப் பார்க்கவில்லை. ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

துக்கம் வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். அடுத்த நாள் தூரிகை குடுவைக்குள் போகிற வேகத்தைப் பார்த்து வண்டி தள்ளுகிறவர் பேச்சுக் கொடுக்காமல் போய்விட்டார். திருடன் மாதிரி ஒளித்து வைத்திருந்தேனே, அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? என் குரலை எனக்கே காட்டாமல், தன் குரலுக்கு எட்டுகிற அளவுக்கு வெட்டித் தைத்து மாட்டிவிட்டிருக்கிறார். நானும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் வந்தார். வாரம் ஒரு துறைக்குப் போய்ச் சும்மா நிற்பது அவர் வழக்கம். கழுவும் அறைக்கு வந்தால் ஒரு துணியை எடுத்துக்கொண்டு துடைக்க உதவுவார். அவர் வந்தால் ஒரு பீக்கராவது உடையும் என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள்.

"பெரிய சாமான் குடுங்க, சின்னது வழுக்குது," என்றார்.

"நீங்க எதையும் தொட வேண்டாம் பாஸ்டர், நில்லுங்க போதும்." கையிலிருந்த குடுவையைக் கழுவி முடிக்கும்வரை பொறுத்து, கேட்டாள். "கடைசில நீங்கதான் அடிக்கடி போனீங்க. அம்மா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

பாஸ்டர் துணியை மடித்தார்.

"சொன்னாங்க."

"என்ன?"

"அது அவங்க என்கிட்ட வச்சிட்டுப் போனது. எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"செத்தவங்களுக்கு என்ன வெக்கம்?"

"அதில்லக்கா. நீங்க ஒருநாள் என்கிட்ட ஏதாச்சும் சொன்னா, அதையும் நான் இப்படித்தான் வச்சிருக்கணும்."

அவர் போன பிறகு வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு படியாக யோசித்தாள். நீ தாளில் இருக்கிறதைப் பாடு, என்னைக் கேட்டுப் பாடாதே என்றிருப்பார். தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாதே என்று இவள் சொல்லவேண்டி வந்திருக்கும். எனக்கு எட்டாது என்று அவர் சொல்லாமல் இருந்ததால்தான், எனக்குத் தெரியாது என்று இவளும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அது இவள்மேல் வைத்த கரிசனமா, அவருடைய சொந்த வெட்கமா? இரண்டும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துத் தனித்தனித் தட்டில் வைக்க இது அமிலமும் காரமும் இல்லை. மருத்துவமனையில் பிடித்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. அந்த எடத்துல, என்று தொடங்கி, இவள் முகத்தில் எதைப் பார்த்து அம்மா நிறுத்திக்கொண்டார்?

குழாயை மூடினாள். அறையில் யாரும் இல்லை. 'இளைப்பாறு' என்று மெல்லப் பாடி, மாஸ்டர் தொட்டுக்காட்டிய சுரத்துக்கு இறங்கப் பார்த்தாள். குரல் தானாக மேலே போய்விட்டது. மறுபடியும் மேலே. கால் பழகிய படியை விட்டு இறங்க மறுத்தது.

ஞாயிறு காலை சேப்பல் நிறைந்திருந்தது. இறந்தவரின் இடத்தை நினைவு ஆராதனை அன்று நிரப்பமாட்டார்கள். குடுவைக்காவின் வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமை. இடப்பக்கம் ஐந்து மாணவிகள். பாஸ்டர் பெயர்களை வாசித்தார். ஒரு பெயர், ஒரு மணி, நாலு மூச்சு அளவு மௌனம். பூச்சியியல் பேராசிரியர். முதலாண்டு மாணவன் ஒருவன், அவன் பெயருக்கு யாரோ விம்மினார்கள். இரவுக் காவலர். பிறகு கேட்லாக் அம்மாவின் பெயர். அது முழுப் பெயராக ஒலித்தபோது யாரோ தெரியாதவரைச் சொல்வதுபோல இருந்தது.

மணி அடங்கியது. மாஸ்டர் கையைத் தூக்கினார்.

நான்கு பத்திப் பாட்டு. மூன்றாம் அடி மாறாமல் நான்கு முறை வரும்.

முதல் பத்தியில் 'இளைப்பாறு' வந்தது. குடுவைக்கா மேலே போனாள். கூடவே ஐந்து மாணவிகளும் போனார்கள். தாளில் இருப்பதை அவர்களும் புதன்கிழமை படித்துக் காட்டியவர்கள்தான். ஆனால் நெருக்கடியில் பக்கத்துக் குரலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மாஸ்டரின் கண் அவள்மேல் வந்து போனது. அப்போதுதான் குடுவைக்காவுக்கு உறைத்தது. அம்மாவுக்கு இவள் ஒருத்தி. இவளுக்கு ஐந்து பேர்.

இரண்டாம் பத்தியில் அந்த இடம் வந்தபோது பயந்து வாயை மூடிக்கொண்டாள். இடப்பக்கம் குரல்கள் தடுமாறின. ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே, மற்றவர்கள் எங்கோ நடுவில்.

மூன்றாம் பத்தியில் இறங்கினாள். சின்னதாக, இருட்டில் கால் துழாவி வைக்கிற மாதிரி. படி இருந்தது.

நான்காம் பத்தி. வலப்பக்க வெறுமையில் யாரும் மூச்சு வாங்கவில்லை. இவள் தனியாக மூச்சு வாங்கினாள். 'இளைப்பாறு' என்ற சொல்லில், முழுக் குரலோடு, கீழே இறங்கி அங்கேயே நின்றாள். அது கஷ்டமாக இல்லை என்பதுதான் நெஞ்சைப் பிசைந்தது. இவ்வளவு வருடமாக அங்கே அவளுக்கென்று ஒரு அகலமான இடம் இருந்திருக்கிறது. அவள் நிற்கையில், பக்கத்து மாணவிகளில் இரண்டு பேர் பழக்கம் விடாமல் மேலே போனார்கள். அந்த மேல் சுரம் அவளுடைய சுரத்தின்மேல் வந்து படிந்தது, இடிக்கவில்லை. அம்மா போகிற வழியை வெளியே நின்று அவள் கேட்டது அன்றுதான். கூடவே போய்க்கொண்டிருந்தவரைக்கும் அது எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. யாரும் அசையாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையில் ஃபைல் இருந்தது.

அங்கி மாட்டும் அறையில் எல்லோரும் கொக்கி கழற்றிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் நின்ற மாணவி அவள் முதுகுப் பக்கம் வந்து, கேட்காமலே கொக்கியைக் கழற்றிவிட்டாள்.

"அக்கா, மொதல்ல மேல போனீங்க. அப்புறம் பாடல. அப்புறம் கீழ போனீங்க. எதப் புடிச்சுக்கறதுன்னே தெரியல. எது சரி?"

"கீழ போறதுதான் தாள்ல இருக்கு."

"அப்ப இவ்வளவு நாள் ஏன் மேல போனோம்?"

குடுவைக்கா அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். அறையில் குழுவில் பாதிப் பேர் இருந்தார்கள். சமையல்காரர் இருந்தார். பேராசிரியர் ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளலாமா என்று நினைத்து, தாழ்த்தவில்லை.

"கேட்லாக்கம்மாவுக்கு அந்த எடம் எட்டாது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவங்களக் கேட்டு நான் பாடினேன், என்னக் கேட்டு நீ பாடின."

மாணவி அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். பேராசிரியர் செருப்புத் தேடுவதை நிறுத்தியிருந்தார்.

"ஒண்ணுமே படிக்கத் தெரியாதாக்கா?"

"ஒரு புள்ளி தெரியும் இப்ப." ஃபைலைத் திறந்து, வட்டத்துக்குள் இருந்த அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். அமிலத்தில் வெளுத்த விரல். பக்கத்தில் இருந்த பென்சில் கோடுகளை மறைக்கவில்லை. "இது இதுதான்," என்று அந்தச் சுரத்தைப் பாடிக் காட்டினாள். பிறகு விரலைப் பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்தினாள்.

"இது என்ன? சொல்லு."